நிலவேம்பும் ஆட்டுமயக்கியும்

மார்ஜரிக்கு வயிறு எரிந்தது. காரமான கொச்சிக்காய் தின்றதால் அல்ல. ஆறாம் வகுப்பு முழுவதும் நாச்சியாவுக்குக் கை தட்டியதால்.

தெரேசா டீச்சர் நாச்சியாவின் கண்களைக் கைக்குட்டையால் கட்டியிருந்தார். மேசையில் பன்னிரண்டு சிறு பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அவளுடைய மூக்கருகே நீட்டினார்.

"வேர்க்கொம்பு," என்றாள் நாச்சியா, சுக்கை முகர்ந்து. "இது வசம்பு. இது அதிமதுரம். இது... நிலவேம்பு, டீச்சர். காய்ச்சலுக்குக் கசாயம் வைக்கிறது."

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். கடைசி வரிசை ரபாயேல் விசிலே அடித்துவிட்டான்.

மார்ஜரி மட்டும் தட்டவில்லை. இரண்டு கைகளையும் மடிக்குள் மறைத்துக்கொண்டு, கரும்பலகையில் அழியாமல் கிடந்த பழைய கணக்கை முறைத்துப் பார்த்தாள்.

பின்னே என்ன? மூலிகை என்றால் மார்ஜரி, மார்ஜரி என்றால் மூலிகை. இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் அவளுடைய தேயிலைத் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால் போதும், "மார்ஜரியக் கூப்பிடு, நிலவேம்பு கொண்டாரட்டும்" என்பார்கள். கொழுந்து மலைக்கும் மேலே, காட்டோரத்துப் பாறை இடுக்கில் அது முளைக்கும் இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சாண் உயரம், வேப்பங்கன்று மாதிரி இலை, நீண்ட கழுத்துள்ள வெள்ளைப் பூ. மூன்று செடி இருந்தால் ஒன்றைத்தான் பிடுங்குவாள். பிடுங்கிய குழியில் ஒரு விதையைப் போட்டு மண்ணை மூடிவிட்டுத்தான் வருவாள்.

இந்த நாச்சியாவுக்கு என்ன தெரியும்? அவளுடைய வாப்பா ஸஹாப்தீன் இரத்தோட்டைக் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்து அந்த மருந்து இழுப்பறை லாச்சிகளுக்கு நடுவே வளர்ந்தால் எலிக்குக்கூட வாசனை தெரியும்!

இப்படி மார்ஜரி மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தபோது தெரேசா டீச்சர் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த மாசம் மாத்தளையில மூலிகைப் போட்டி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆள்தான். ரெண்டு கிழமையில எல்லாரும் ஒட்டுப் புத்தகம் கொண்டாங்க. பத்துச் செடி, பூவோட ஒட்டணும். என்ன மருந்துக்கு ஆகும்னு பக்கத்துல எழுதணும். யாருது நல்லா இருக்கோ அவங்க போகலாம்."

மாத்தளை! பெரிய மண்டபத்தில், ஒலிபெருக்கியில் "செல்வி மார்ஜரி லோரன்ஸ்" என்று கூப்பிடுவது அவளுக்கு அப்போதே காதில் கேட்டது. உடனே அந்தக் குரல் "செல்வி நாச்சியா ஸஹாப்தீன்" என்று மாறியது. மறுபடியும் வயிறு எரிந்தது.

மறுநாள் இடைவேளையில் நாச்சியாவே அவளைத் தேடி வந்தாள். கையில் ஒரு கிண்ணம்.

"உம்மா வட்டிலப்பம் செஞ்சாங்க. ஒனக்கும் தந்தாங்க."

"எனக்கு வேணாம்," என்றாள் மார்ஜரி. வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"மார்ஜரி, ஒரு ஒதவி செய்வியா? எங்கட கடைக்கு நிலவேம்பு காய்ஞ்சு சுருண்டுதான் வருது. பச்சையா, பூவோட நான் கண்டதே இல்ல. ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்னு ரபாயேல் சொன்னான். ஒண்டே ஒண்டு கொண்டு வந்து காட்டுவியா?"

இதுதான் தாங்க முடியவில்லை. நாச்சியா கெட்டவளாக இருந்திருந்தால் மார்ஜரி நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பாள். இவளோ சிரித்துக்கொண்டு வட்டிலப்பத்தை நீட்டுகிறாள்.

"கொண்டாறேன்," என்றாள் மார்ஜரி. சொல்லும்போதே அவளுடைய மனதில் ஒரு திட்டம் முளைத்துவிட்டது.

லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் பின்னால், தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் ஒரு செடி இருக்கிறது. அதற்கும் வெள்ளைப் பூ. இலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் தண்டை ஒடித்தால் பால் வரும். போன வருடம் கிறிஸ்தோபர் மாமாவின் ஆடு அதைத் தின்றுவிட்டு, வாயில் நுரை தள்ளி இரண்டு நாள் எழும்பாமல் கிடந்தது. அன்றிலிருந்து லயத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ஆட்டுமயக்கி.

வியாழக்கிழமை மார்ஜரி ஆட்டுமயக்கியில் ஒரு கைப்பிடி பிடுங்கினாள். ஒன்று போதாதா? போதும்தான். ஆனால் சந்தேகம் வரக் கூடாதே! தண்டில் வழிந்த பாலைப் பாவாடையில் துடைத்தாள். அப்புறம் அதை வாழை இலையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாச்சியாவின் முகம் பூவாக மலர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"வாசம் வேற மாதிரி இருக்கே?"

"பச்சைக்கு வாசம் வேற. காய்ஞ்சாத்தான் வரும்."

"அப்பிடியா? சரியாக் கசக்குதான்னு கடிச்சுப் பாக்கவா?"

"வேணாம்!" மார்ஜரி அவளுடைய கையைத் தட்டிவிட்டாள். "பூ... பூ உதிர்ந்துரும்."

"ஓ, சரி சரி. வாப்பா வந்ததும் காட்டணும். அதுவரைக்கும் போத்தல்ல தண்ணி ஊத்தி வைக்கிறேன்." நாச்சியா அவளுடைய தோளைக் கட்டிக்கொண்டாள். "நீ நல்லவ, மார்ஜரி."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மார்ஜரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'என்ன பெரிய விஷயம்? புத்தகத்துல ஒட்டத்தானே போறா. யாரும் திங்கவா போறாங்க?'

அது 1989ஆம் ஆண்டு. பஸ் ஓடிய நாட்களைவிட ஓடாத நாட்கள்தான் அதிகம். 'கடைகளைத் திறக்காதே, பஸ் ஓட்டாதே' என்று கிளர்ச்சிக்காரர்கள் எங்காவது ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டால் போதும், ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. பள்ளிக்கூடமும் இல்லை.

சனிக்கிழமை காலை மார்ஜரி வீட்டுக் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தன் ஒட்டுப் புத்தகத்தில் ஒன்பதாவது செடியை ஒட்டிக்கொண்டிருந்தாள். பத்தாவது செடி அவளுக்குப் பக்கத்திலேயே பழைய பால்மா டின்னில் நின்றது. அசல் நிலவேம்பு. ஐந்து பூ. அதைத் திங்கட்கிழமைதான் ஒட்டுவது என்று வைத்திருந்தாள்.

தோட்டத்துக் கடிதப் பையைச் சுமக்கும் தப்பால்காரர் இருளாண்டி, கடைவீதியிலிருந்து வெறும் பையோடு ஏறி வந்தார்.

"தபாலும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஊரே அடைச்சுக் கிடக்கு. பாவம், ஒன்னோட படிக்கிற நாச்சியாவோட தம்பி இருக்கானே, நுஹ்மான், அவனுக்கு நெருப்பாக் காய்ச்சல் காயுது. ஸஹாப்தீன் மொதலாளி சரக்கு எடுக்க மாத்தளைக்குப் போனவரு பஸ் இல்லாம அங்கயே மாட்டிக்கிட்டாரு. டிஸ்பென்சரியும் பூட்டு."

"அப்ப... மருந்து?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே தாயி!" இருளாண்டி சிரித்தார். "கடையில நிலவேம்பு முடிஞ்சு போச்சாம். நல்ல வேளை, நீ குடுத்தது பச்சையா இருக்காம். 'மார்ஜரி புடுங்கிக் குடுத்ததுதானே, கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கலாம்'னு அந்தப் பொண்ணோட அம்மா சொல்லுது. நான் வர்றப்ப சட்டிய அடுப்புல ஏத்திட்டாங்க."

மார்ஜரி ஒட்டுப் புத்தகத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பேர் வேண்டும், பேர் வேண்டும் என்று தவித்தாளே! அந்தப் பேரை நம்பித்தான் இப்போது ஒரு நாலு வயதுப் பையன் ஆட்டுமயக்கியைக் குடிக்கப் போகிறான்.

"மாமா, நீங்க ஏறி வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"குறுக்கால வந்தேன். முக்கால் மணி இருக்கும். ஏன்?"

கசாயம் என்றால் எட்டுக்கு ஒன்று. எட்டுக் கோப்பை தண்ணீர் ஊற்றி, ஒரு கோப்பையாக வற்றும்வரை காய்ச்ச வேண்டும். விறகடுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முக்கால் மணி போய்விட்டது. ஓடினால் இருபது நிமிடம். கணக்குப் பாடத்தில் அவள் ஒருநாளும் இவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டதில்லை.

பால்மா டின்னை ஒரு கணம் பார்த்தாள். இன்னொரு செடிக்குப் பாறைவரை ஏறிவிட்டு இறங்க நேரமில்லை. டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

"ஏ புள்ள! செருப்பு!" என்று இருளாண்டி கத்தினார்.

செருப்பாவது ஒன்றாவது! தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் பாய்ந்தாள். கொம்புகள் கையைக் கீறின. தண்ணீர் வடியும் கானுக்குள் ஒரு தடவை விழுந்தாள்; டின்னை மட்டும் மேலே தூக்கிப் பிடித்தாள். 'எட்டு ஏழாகியிருக்கும். ஏழு ஆறாகியிருக்கும். மாதாவே, விறகு ஈரமா இருக்கணும். மாதாவே, அடுப்பு அணைஞ்சு போகணும்!' யாராவது அடுப்பு அணைய வேண்டும் என்று செபிப்பார்களா? மார்ஜரி செபித்தாள்.

கடைவீதியில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. நாச்சியா வீட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு அவள் குசினிக்குள் விழுந்தபோது, நாச்சியாவின் உம்மா றாபியா துணியில் கசாயத்தை வடித்துக்கொண்டிருந்தார். கோப்பை முக்கால்வாசி நிறைந்திருந்தது. பக்கத்தில் பாயில் நுஹ்மான் கண்கள் சிவந்து படுத்திருந்தான்.

"குடுக்காதீங்க மாமி! குடுக்காதீங்க!"

"யா அல்லாஹ்! என்ன புள்ள இது, என்ன நடந்த?"

"மார்ஜரி!" நாச்சியா ஓடி வந்தாள். "நீ தந்த நிலவேம்புதான்..."

"அது நிலவேம்பு இல்ல."

றாபியா வடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

நாச்சியாதான் முதலில் பேசினாள். "மாறிப் போச்சா? மலையில எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கும். அவசரத்துல மாத்திப் புடுங்கிட்டியா?"

பாருங்கள், தப்பித்துப் போகக் கதவைத் திறந்துவிட்டது நாச்சியாவேதான். 'ஆமா' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. மார்ஜரியின் நாக்கு நுனிவரை அந்த 'ஆமா' வந்தது.

"மாறல," என்றாள் மார்ஜரி. "தெரிஞ்சுதான் குடுத்தேன். அதத் தின்னு கிறிஸ்தோபர் மாமாவோட ஆடு சாகக் கிடந்திச்சு. எல்லாரும் உனக்குக் கை தட்டினாங்க. எனக்குப் பொறுக்கல. புத்தகத்துல தப்பா ஒட்டட்டும்னு நெனச்சேன். குடிப்பீங்கன்னு நெனைக்கல, மாமி. சத்தியமா நெனைக்கல."

சொல்லி முடித்ததும் மார்ஜரி ஓவென்று அழுதுவிட்டாள்.

நாச்சியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. "அண்டைக்கு நான் கடிச்சுப் பாத்திருந்தா?"

"அதான் நான் தடுத்தேனே..."

"தடுத்த. அப்ப அது கூடாத செடின்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் தந்த."

றாபியா மாமி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கானில் ஊற்றினார். திரும்பி வந்து மார்ஜரியை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டின்னுல என்ன?"

"இதுதான் மாமி நிசமான நிலவேம்பு."

"இந்த முறை சத்தியமா?"

மார்ஜரி ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். கசப்பு உச்சந்தலைவரை ஏறியது. முகம் எட்டுக் கோணலாகியது. துப்பாமல் விழுங்கினாள்.

"சரி," என்றார் மாமி. "அழுதது போதும். அந்தச் சட்டிய மூணு தரம் சாம்பல் போட்டுக் கழுவு. மூணு தரம்! கானுக்கும் தண்ணி அடி. எங்கட கோழியாவது உசிரோட இருக்கட்டும்."

மார்ஜரி ஐந்து தரம் கழுவினாள்.

நிலவேம்பை வேரோடு அலசி, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் தட்டிப் போட்டு, எட்டுக் கோப்பை தண்ணீரை மறுபடியும் ஏற்றினார்கள். நாச்சியா நுஹ்மானின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். மார்ஜரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எட்டு ஏழானது, ஏழு ஆறானது. இப்போது ஏன் இவ்வளவு மெதுவாக வற்றுகிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"இங்க காலைக் காட்டு," என்றார் மாமி திடீரென்று. மார்ஜரியின் கணுக்காலில் ஓர் அட்டை கொழுத்துத் தொங்கியது. அவளுக்குத் தெரியவே இல்லை. மாமி உப்பைத் தூவி அதைக் கழற்றினார். "இனி இந்த வேலை செய்யாத, புள்ள," என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தாலாவது தேவலை என்று மார்ஜரிக்குத் தோன்றியது.

மறுநாள் பாதை திறந்தது. ஸஹாப்தீன் மாத்தளையிலிருந்து வந்ததும் மகனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். செவ்வாய்க்கிழமை நுஹ்மான் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். குணமானது கசாயத்தாலா, டாக்டரின் மருந்தாலா? நுஹ்மானைக் கேட்டால் இரண்டையும் துப்பிவிட்டதாகத்தான் சொல்வான்.

ஒட்டுப் புத்தக நாள் வந்தது. தெரேசா டீச்சர் மார்ஜரியின் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் 'நிலவேம்பு' என்ற பெயரும், 'காய்ச்சலுக்கு' என்ற குறிப்பும் மட்டும் இருந்தன. பாறை இடுக்கில் மிஞ்சிய செடிகள் அதற்குள் பூக்கவில்லை.

"செடி எங்க மார்ஜரி?"

"குடிச்சாச்சு டீச்சர்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாச்சியா சிரிக்கவில்லை; அவளுடைய புத்தகத்திலும் நிலவேம்புக்கு விட்டுவைத்த கடைசிப் பக்கம் காலிதான்.

"ரெண்டு பேருக்கும் ஒன்பது ஒன்பது," என்று டீச்சர் தலையைச் சொறிந்தார். "இப்ப யாரை அனுப்புறது?"

மார்ஜரி எழுந்து நின்றாள். ஒலிபெருக்கிக் குரல் ஒரு தடவை காதில் கேட்டது. அவள் அதைக் கேட்காதது போல இருந்துவிட்டாள்.

"நாச்சியா போகட்டும் டீச்சர்."

"எனக்குப் பச்சையில தெரியாதே," என்றாள் நாச்சியா. ஒரு வாரத்துக்கு மேல் கழித்து மார்ஜரியைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"நான் காட்டுறேன்," என்றாள் மார்ஜரி. "இடத்தையே காட்டுறேன்."

அந்தச் சனிக்கிழமை இருவரும் கொழுந்து மலையைத் தாண்டி ஏறினார்கள். யாருக்கும் காட்டாத பாறையை மார்ஜரி காட்டினாள். எந்தச் செடியைப் பிடுங்கலாம், எதை விட வேண்டும், குழியில் எப்படி விதை போட வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். நாச்சியா குனிந்து, நிமிர்ந்து, பாறையைச் சுற்றிப் பின்பக்கமும் போய்ப் பார்த்தாள்.

"மார்ஜரி! இங்க பாரு, இந்தப் பக்கம் ஏழு செடி!"

ஏழா? இத்தனை வருடமாக மார்ஜரி அந்தப் பக்கம் போனதே இல்லை. வந்து அரை மணி நேரம் ஆகவில்லை, இவள் ஏழு செடியைக் கண்டுபிடித்துவிட்டாளே! மார்ஜரிக்கு வயிற்றில் சுருக்கென்றது. அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. இந்தா, கடிச்சுப் பாரு." மார்ஜரி ஓர் இலையைக் கிள்ளி நீட்டினாள்.

நாச்சியா கையை நீட்டவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"நீ முதல்ல கடி," என்றாள்.

மார்ஜரி கடித்தாள். மென்றாள். முகம் எட்டுக் கோணலானது. கண்ணில் தண்ணீர் வந்தது. நாச்சியா அந்த முகத்தை நன்றாக, ஆற அமரப் பார்த்தாள். பிறகு மார்ஜரியின் கையிலிருந்த மீதி இலையைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.